‘கெத்து’ யாருடைய சொல்? — தலைமுறை இடைவெளி என்னும் கற்பிதம் குறித்துச் சில குறிப்புகள்

1

‘பெருசு’ என்ற சொல் நம்மிடம் வெகுநாட்களாக இருக்கிறது. டீக்கடை பெஞ்சில், பேருந்துப் படிக்கட்டில், ரேஷன் கடை வரிசையில் ‘இன்னா பெருசு, தள்ளி நில்லு’ என்பதைக் கேட்டிராதவர்கள் குறைவு. அதில் ஏளனம் உண்டு; கொஞ்சம் சலுகையும் உண்டு. பெருசு என்றழைக்கப்படுகிறவர் உண்மையிலேயே வயதானவர், உடம்பு தளர்ந்தவர். அவர் பேசுவதும் அழைக்கிறவன் பேசுவதும் ஏறக்குறைய ஒரே பாஷை. அவருக்கும் திருப்பித் திட்டத் தெரியும். ‘போடா சோமாரி’ என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்து நிற்பார்.

இந்தப் பெருசு இருக்கும்போதே ‘பூமர்’ என்றொரு சொல் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946 முதல் 1964 வரை, அமெரிக்காவில் பிறப்பு விகிதம் எகிறியதை ஒட்டி உண்டான பெயர் அது. 2019இல் இணையம் வழியாக உலகம் முழுக்க வசவாகப் பரவியது. அந்த மக்கள்தொகை வரலாற்றுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 1990களில் பள்ளிக்கூடம் போனவர்களைக் கேட்டால் பூமர் என்பது பபிள்கம் என்பார்கள். ஆனாலும் சொல் இங்கே வேர் பிடித்துவிட்டது. 2024இல் ‘பூமர் அங்கிள்’ என்று ஒரு படமே வந்தது. வேர் பிடித்தபோது அது வயதைக் குறிப்பதை விட்டுவிட்டது. கேட்காமலே புத்தி சொல்கிறவர், ‘எங்க காலத்துலல்லாம்...’ என்று ஆரம்பிக்கிறவர், அடுத்த வீட்டுப் பெண் உடுத்துவதைப் பற்றிக் கருத்து வைத்திருக்கிறவர், முப்பத்திரண்டு வயதானாலும் பூமர்தான்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடையில் மீன் கொண்டுவரும் கிழவியை யாரும் பூமர் என்பதில்லை. குப்பை வண்டி தள்ளுகிறவரை, கட்டட வேலையில் செங்கல் சுமக்கும் அறுபது வயதுச் சித்தாளை அப்படி அழைப்பதில்லை. புத்தி சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டோ அவருக்குத்தான் இந்தப் பட்டம். வங்கி அதிகாரி, பேராசிரியர், மென்பொருள் நிறுவன மேலாளர், மேடைப் பேச்சாளர், கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர். இந்தப் பட்டத்துக்குப் பயந்துகொண்டு மொழி கற்கிறவர்களும் இவர்களே. ‘செம’, ‘மாஸ்’, ‘கெத்து’, ‘மொக்கை’, ‘வேற லெவல்’, ‘வைப்’, ‘கிரிஞ்ச்’ என்று பிள்ளைகளிடம் பாடம் கேட்கிறார்கள். பாடம் முடிவதற்குள் சொல் பழசாகிவிடுகிறது. அப்பா ‘வேற லெவல்’ என்று சொல்லத் தொடங்கிய வாரத்தில் மகள் அதை விட்டுவிடுகிறாள்.

இந்த ஓட்டத்தை வைத்து ஏராளமான நகைச்சுவைத் துணுக்குகளும் குறும்படங்களும் விளம்பரங்களும் உற்பத்தியாகிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றின் அடியிலும் ஓடும் கதையாடல் ஒன்றுதான்: இளைஞர்கள் சொல்லைப் படைக்கிறார்கள், முதியவர்கள் பின்னால் ஓடுகிறார்கள், நடுவில் கிடப்பது தலைமுறை இடைவெளி. இந்தக் கதையாடலைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அப்பாக்கள் பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளும் சொற்களில் கணிசமானவை பிள்ளைகள் படைத்தவையே அல்ல. அவை உழைக்கும் மக்களின், குறிப்பாகச் சென்னையின் குப்பங்களிலும் சேரிகளிலும் வாழ்ந்த தலித்துகள், மீனவர்கள், முஸ்லிம்கள் ஆகியோரின் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டவை. அதே அப்பாக்கள் முப்பது வருடத்துக்கு முன் ‘வாயக் கழுவு’ என்று பிள்ளையை அதட்டியது இந்தப் பேச்சுக்காகத்தான். ஆக, வயதுக்கும் வயதுக்கும் நடுவே நடப்பதாகக் காட்டப்படும் இந்தப் போக்குவரத்து சாதிக்கும் சாதிக்கும், வர்க்கத்துக்கும் வர்க்கத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறது. ‘தலைமுறை’ என்ற சொல் அதன் மேல் போர்த்திய ஜமுக்காளம்.

2

நம் இலக்கண மரபில் இதற்கு ஒரு நுழைவாயில் இருக்கிறது. நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த எடுத்துக்காட்டுகள். தமிழாசிரியர்கள் இதைத் தாண்டிப் போவதில்லை. தாண்டிப் பார்த்தால் ஒரு விஷயம் தட்டுப்படும். இந்தக் கூட்டங்கள் அத்தனையும் தொழிலால் ஆனவை. வயதால் ஆன கூட்டம் ஒன்றுகூட இல்லை. பட்டறையில் மூத்தவனிடமிருந்துதான் சின்னவன் குழூஉக்குறியைக் கற்றான். வெளியே நிறுத்தப்பட்டவன் கிழவன் அல்லன். நகை வாங்க வந்த வாடிக்கைக்காரன்.

லாரி ஷெட்டுகளிலும் மெக்கானிக் கடைகளிலும் மாட்டுச் சந்தைகளிலும் இன்றும் இந்த முறை செத்துப்போய்விடவில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர், பழகவந்த பையனுக்கு அதைச் சொல்லித் தருகிறார். அங்கே பெருசுதான் அகராதி. வயதையே ஒரு ‘குழு’வாக்கியது பிற்காலத்துப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் விடுதியும், அதைப் பண்டமாக்கியது சந்தை. 1991க்குப் பிந்தைய தாராளமயமும், அதன் கூடவே பெருகிய தனியார் தொலைக்காட்சிகளும், 2003 வாக்கில் சென்னைக்கு வந்த தனியார் பண்பலை வானொலிகளும் ‘இளைஞன்’ என்கிற நுகர்வோனைக் கண்டெடுத்தன. அவனுக்கென்று தனி உடை, தனி பைக், தனிப் பேச்சு தேவைப்பட்டன. உடையையும் பைக்கையும் தொழிற்சாலையில் செய்யலாம். பேச்சை எங்கே செய்வது? ஏற்கனவே உயிரோடு இருக்கிற, யாரும் விலை கேட்காத ஓர் இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலும் நடந்தது இதுதான். உலகத்து இளைஞர்களின் பொதுச்சொத்தாக இன்று உலவும் ‘கூல்’, கறுப்பின ஜாஸ் கலைஞர்களின் பேச்சிலிருந்து வெளியே வந்த சொல்.

‘இளமை’ என்பது ஒரு சொல்தான், வயதின் கோடுகளை யார் எங்கே போடுகிறார்கள் என்பது அதிகாரத்தின் பிரச்சினை என்ற பொருளில் பியர் போர்தியூ 1978இல் ஒரு நேர்காணலில் பேசியிருக்கிறார். ஒரே வயதுடைய கல்லூரி மாணவனையும் ஆலைத் தொழிலாளியையும் ஒரே சொல்லால் அழைப்பது இரண்டு வேறு வாழ்க்கைகளை மறைப்பதாகும் என்பது அவர் வாதம். நம்மூரில் இதைப் புரிந்துகொள்ள பிரான்ஸுக்குப் போக வேண்டியதில்லை. பதினாறு வயதில் வேலைக்குப் போனவனை யாரும் ‘2கே கிட்’ என்று கொஞ்சுவதில்லை.

இன்னொன்று. இடைவெளி, இடைவெளி என்கிறோமே, அது உண்மையில் எவ்வளவு அகலம்? இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள் கல்லூரியில் சலிப்பூட்டும் ஆசாமியை என்ன சொன்னார்கள்? ‘அறுவை’ என்றார்கள். ‘ரம்பம்’ என்றார்கள். ‘பிளேடு போடுறான்’ என்றார்கள். பிள்ளைகள் சொல்வது ‘மொக்கை’. அதாவது கூர் மழுங்கியது. அறுப்பது, ரம்பம், பிளேடு, மழுங்கல் என எல்லாம் ஒரே ஆசாரியின் பெட்டியிலிருந்து வந்த சாமான்கள். அப்பாவுக்கு ‘மொக்கை’ புரியவில்லை என்றால் ‘ரம்பம்’ சொன்ன காலத்தை அவர் மறந்துவிட்டார் என்று அர்த்தம். அவருக்கு வேலை கிடைத்தபோது, கல்யாணமானபோது, பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தபோது அதை மறக்க வேண்டியிருந்தது. நாக்கைக் கழுவித்தான் நடுத்தர வர்க்கத்துக்குள் நுழைய முடிந்தது. இன்று அதே நாக்கைக் கொஞ்சம் அழுக்காக்கிக்கொள்ளப் பயிற்சி எடுக்கிறார்.

3

சென்னைப் பேச்சு எப்படி உருவானது என்பதை இங்கே சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். துறைமுகம், ரயில்வே, பின்னி ஆலை என்று வேலை தேடி வந்த பல திசை மக்களின் வாயில் கலந்து விளைந்தது அது. பேஜார், கலீஜ், நாஸ்தா, பேமானி, உஷார் ஆகியவை உருதுவின் கொடை. துட்டு, டச்சுக்காரர்களின் நாணயப் பெயர். தெலுங்கு உண்டு, ஆங்கிலம் உண்டு, ‘குந்து’ மாதிரி மேட்டுக்குடித் தமிழ் கைவிட்ட நல்ல தமிழும் உண்டு. பல மொழிக்காரர்கள் தோளோடு தோள் சுமந்தபோது உண்டான இந்தப் பொதுமொழிக்குத் தமிழறிஞர்கள் வைத்த பெயர் ‘கொச்சை’.

சினிமா அதை முதலில் கோமாளியின் வாயில் வைத்தது. ‘சபாஷ் மீனா’வில் (1958) சந்திரபாபுவின் ரிக்‌ஷாக்காரர், ‘பார் மகளே பார்’ (1963) படத்தில் சோவின் மெக்கானிக் ஆகியோர் பேசினால் கொட்டகை சிரிக்கும். கதாநாயகன் ஏழையாக இருந்தாலும் பேசுவது சுத்தத் தமிழ். இலக்கியத்தில் ஜெயகாந்தன் இந்த மக்களையும் இவர்கள் பேச்சையும் சிரிப்புக்கு வெளியே கொண்டுவந்தார். ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ (1972) ரிக்‌ஷாக்காரர் குடும்பத்தின் பேச்சை அதன் வலியோடு எழுதியது. ஆனால் அது கரிசனத்தோடு கேட்டு எழுதியவரின் பிரதி. தங்கள் பேச்சைத் தாங்களே எழுதியவர்கள் பின்னால் வந்தார்கள். சென்னைக்கு வெளியே, தெற்கத்திக் கிராமத்தின் தலித் பேச்சில் பாமா ‘கருக்கு’ (1992) எழுதியபோது அந்த மொழியைக் கண்டு முகம் சுளித்தவர்கள் இலக்கிய உலகில் உண்டு. அவர்களில் எத்தனை பேர் இன்று பேரப்பிள்ளையிடம் ‘செம கெத்துடா’ சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார்களோ!

இரண்டாயிரத்துக்குப் பின் கதாநாயகனே சென்னைப் பாஷை பேசினான். ‘பம்மல் கே. சம்பந்தம்’ (2002), ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ (2004) என்று அது வசூல் மொழியாயிற்று. இதற்கடுத்து நடந்த இரண்டு வழக்குகளைப் பற்றி நம் விமர்சகர்கள் போதுமான அளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

முதலாவது, ‘கெத்து’. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரிவிலக்கு என்ற ஏற்பாடு 2006இல் வந்தது. 2016இல் ‘கெத்து’ என்ற படத்துக்கு அந்த விலக்கு மறுக்கப்பட்டது. காரணம், ‘கெத்து’ தமிழ்ச் சொல் இல்லை! வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. தெருவில் லட்சக்கணக்கானோர் தமிழ் என்றே நினைத்துப் பேசிக்கொண்டிருந்த ஒரு சொல், தமிழ்தானா என்று நிரூபிக்க வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாவது, ‘மெர்சல்’. அரண்டு, மிரண்டு போவதைக் குறித்த சொல். ‘ஐ’ படத்தின் பாடல் வழியே 2014இல் அது தமிழ்நாடு முழுக்க ஒலித்தது, மிரட்சி வியப்பாயிற்று. 2017இல் ‘மெர்சல்’ என்று படம் வந்தபோது அந்தப் பெயருக்கு வணிகக் குறிப் பதிவு பெற்றுவிட்டதாகச் செய்தி பரப்பப்பட்டது. ‘மெர்சலாயிட்டேன்’ என்ற தலைப்பை நான் முன்பே பதிந்துவைத்திருக்கிறேன் என்று வேறொரு தயாரிப்பாளர் நீதிமன்றம் போனார். அவர் வழக்கு தள்ளுபடியாயிற்று.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசு கேட்கிறது: இது தமிழா? சந்தை கேட்கிறது: இது யார் சொத்து? சொல்லைத் தலைமுறை தலைமுறையாகப் பேசியவர்கள் இரண்டு கூண்டிலும் இல்லை. சாட்சியாகக்கூட அவர்களை யாரும் கூப்பிடவில்லை. குறி என்பது வர்க்கப் போராட்டத்தின் களம் என்று வோலோஷினோவ் 1929இலேயே எழுதினார். நம்மூரில் அந்தக் களத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். ‘சொல் என்ன ஒருத்தன் வீட்டுச் சொத்தா? காற்று மாதிரி அது எங்கும் போகும். பழையது கழியும், புதியது புகும். நன்னூலின் கடைசியிலேயே இருக்கிறதே’ என்பார்கள். சரிதான். சொல் பயணப்படுவதில் நமக்கு ஒரு புகாரும் இல்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு வாயில் இரண்டு விலை கிடைப்பதுதான் புகார். மேலாளர் கூட்டத்தில் ‘மெர்சல்’ என்றால் கலகலப்பானவர். அலுவலகத்தில் மேசை துடைக்கும் பெண்ணின் மகன் நேர்முகத் தேர்வில் அந்தப் பேச்சில் பதில் சொன்னால் ‘கம்யூனிகேஷன் சரியில்லை’. பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. நகரத்தின் நடுவிலிருந்த குடிசைப் பகுதி மக்களை 2000 முதல் கண்ணகி நகருக்கும், பின்பு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதே பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. கோபுரத்துக்குள் கண்ணகி நகரின் சொற்கள் லிஃப்டில் ஏறிப் போகின்றன. கண்ணகி நகர்ப் பிள்ளைகள் முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள்.

4

‘மச்சான்’ என்பதை எடுத்துக்கொள்வோம். இளைஞர் பேச்சின் தூண் இது. மச்சி, மாம்ஸ், மாமே என்று கிளைகள் வேறு. அது ஓர் உறவுமுறைச் சொல் என்பதை அடிக்கடி மறந்துபோகிறோம். திராவிட உறவுமுறையில் உறவுகள் இரண்டாகப் பிரிகின்றன: பங்காளிகள், மாமன் மச்சான்கள். கொள்வினை கொடுப்பினை பின்னவரோடுதான். இந்த முறைப்பெயர்களைத் திருமண உறவின் வெளிப்பாடாக வாசிக்க வேண்டும் என்று லூயி டூமோன் 1953இல் விளக்கினார். ஒருவனை மச்சான் என்பது, ‘உன் வீட்டில் நான் பெண் எடுக்கலாம், என் வீட்டில் நீ எடுக்கலாம்’ என்று சொல்வது. இரண்டு ஆண்களின் சிநேகத்துக்கு நடுவில், கூப்பிடாமல், ஒரு தங்கை நிற்கிறாள். பெண்ணைப் பரிமாறிக்கொள்ளும் ஆண்களின் மொழி இது என்பதைப் பெண்ணியர்கள் சரியாகவே சொல்வார்கள்.

விடுதி அறையில் எல்லாச் சாதிப் பையன்களும் ஒருவரையொருவர் மச்சான் என்கிறார்கள். பேச்சளவில் இது ஒரு மாபெரும் கலப்பு. எந்தச் சமத்துவபுரமும் சாதிக்காதது. ஆனால் அந்தச் சொல் நிஜமாகிவிட்டால்? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர் பொறியியல் மாணவர், தலித். சாதி மாறிக் காதலித்து மணந்ததுதான் குற்றம். சொல்லாக இருக்கும் வரைக்கும் மச்சான். உறவாக வந்தால் அரிவாள். பிள்ளைகளின் பேச்சைக் கற்றுக்கொள்ளத் துடிக்கும் பெற்றோரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: உங்கள் மகன் தினமும் நூறு தடவை உச்சரிக்கும் இந்தச் சொல்லின் அர்த்தத்தை ஏற்றுக்கொள்ளத் தயாரா? தயாரில்லை என்றால் சொல்லை மட்டும் கற்று என்ன செய்யப்போகிறீர்கள்?

அப்பாவே மகனை ‘மச்சி’ என்றழைக்கும் கூத்தும் நடக்கிறது. முறைப்படி பார்த்தால் இது விபரீதம். பையன் நெளிவதை ‘கிரிஞ்ச்’ என்ற சொல்லால் சொல்கிறான். அவன் நெளிவுக்குள் மரபும் கொஞ்சம் இருக்கிறது. இதனால்தானோ என்னவோ, இப்போது ‘ப்ரோ’ வந்திருக்கிறது. தமிழில் முன்பின் தெரியாத ஒருவரை அழைக்கச் சமமான சொல் கிடைப்பது கஷ்டம். அண்ணன், தம்பி, ஐயா, சார் என்று எதை எடுத்தாலும் ஒரு படிக்கட்டு. ‘ப்ரோ’வில் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, உணவு கொண்டுவருகிறவரும் வாங்கிக்கொள்கிறவரும் பரஸ்பரம் ப்ரோ. நம் மொழி செய்யாத ஒரு வேலையை இந்த இரவல் செய்கிறது என்று ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். என்ன, நடுராத்திரி மழையில் நனைந்து நிற்கிறவருக்குக் கூலி ஏறுவதில்லை. ‘தேங்க்ஸ் ப்ரோ’ மட்டும் ஏறுகிறது.

பெண்கள் விஷயத்தில் பெரியவர்களின் கற்றல் ஆர்வம் சட்டென்று வற்றிவிடுகிறது. மகன் ‘டேய் மச்சி’ என்றால் சிரிக்கும் அதே அம்மா, மகள் தோழியை ‘டா’ போட்டுப் பேசினால் ‘பொம்பளப் புள்ள பேசற பேச்சா இது’ என்கிறாள். பெண்கள் தங்களுக்குள் ‘டா’, ‘மச்சி’ என்று பேசிக்கொள்வது ஆண்களுக்கென்று ஒதுக்கிய நெருக்கத்தைக் கையிலெடுத்துக்கொள்ளும் காரியம். அதைப் பெரியவர்கள் கற்க விரும்புவதில்லை, கண்காணிக்க விரும்புகிறார்கள். ‘லவ் டுடே’ (2022) படத்தில் பெண்ணின் அப்பா பிள்ளைகளின் பாஷையைக் கற்றுக்கொண்டு கஷ்டப்படவில்லை. இரண்டு பேரின் கைபேசியையும் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார், அவ்வளவுதான். குழூஉக்குறியை உடைக்க அதிகாரத்துக்கு அகராதி தேவையில்லை என்பதை அந்தப் படம் தெரிந்தோ தெரியாமலோ காட்டிவிட்டது.

5

இடைவெளியே இல்லாத ஒரு குழூஉக்குறியும் இங்கே உண்டு. தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் அது. நெற்றியில் வைக்கும் பொட்டு, விரலில் போடும் மோதிரம், பைக்கில் ஒட்டும் ஸ்டிக்கர் எல்லாம் சேர்ந்து ஒரு மொழி. அதை எந்தப் பெருசுக்கும் விளக்க வேண்டியதில்லை, கட்டிவிட்டதே அவர்கள்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடைசெய்ய வேண்டும் என்றது. உடனே எத்தனை பேருக்குக் கோபம் வந்தது! பிள்ளைகளின் பாஷை புரியவில்லை என்று புலம்புகிற சமூகம் இந்தப் பாஷையை ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறது.

ஆகவே இளைஞர் பேச்சு என்றாலே கலகம், எதிர்-கலாச்சாரம் என்று கொண்டாடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். விளிம்பிலிருந்து எழும் எதிர்ப்புக் குறிகளைச் சந்தை பண்டமாக்கி உள்ளே இழுத்துக்கொள்வதைப் பற்றி டிக் ஹெப்டிஜ் 1979இல் பிரிட்டிஷ் இளைஞர்களை வைத்து எழுதினார். நம்மிடம் இன்னொரு படி கூடுதல்: சந்தைக்கு முன்பே சாதி அங்கே இருக்கிறது. கல்லூரிப் பையன் குப்பத்துச் சொல்லை எடுக்கும்போது குப்பத்து ஆளாக மாறுவதில்லை. கொஞ்ச நேரம் அந்த வேஷத்தின் திமிரை அனுபவித்துவிட்டு, வேண்டியபோது கழற்றி வைக்கிறான். கழற்ற முடியாதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய லட்சக்கணக்கானோரை ‘இளைஞர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லால் ஊடகங்கள் புகழ்ந்தன. ஒரு வாரம் முழுக்க மீம்களும் கோஷங்களும் சென்னைப் பாஷையில் பறந்தன. 23ஆம் தேதி காலையில் போலீஸ் விரட்டியபோது ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது நடுக்குப்பத்து மீனவர்கள். அடி அவர்கள் மேல் இறங்கியது. மீன் சந்தை எரிந்தது. எரித்தது போலீஸ்தான் என்று அங்கிருந்த பெண்கள் சொன்னார்கள். மாணவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். நடுக்குப்பத்துக்காரர்களுக்குத் திரும்பிப் போக வேறு வீடு இல்லை. அந்த வாரத்தின் வரலாறு ‘இளைஞர் எழுச்சி’ என்றே எழுதப்படுகிறது. வயது என்ற சொல் எதை மறைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

6

இத்தனைக்கும் பிறகு, பேச்சைக் கற்றுக்கொள்ள முயலும் முதியவர்களை வெறுமனே பரிகசித்துவிட்டுப் போக மனம் வரவில்லை. சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சு புரியாமல் உட்கார்ந்திருப்பது சாதாரணத் தனிமை அல்ல. முன்பு ஒரு கிழவருக்கு மழை வருமா என்று சொல்லத் தெரிந்திருந்தது. நெசவோ தச்சோ சொல்லிக் கொடுக்கக் கையில் இருந்தது. கைத்தொழில் போனபோது அவர் கையிலிருந்த அகராதியும் போயிற்று. இன்று பேரன்தான் கைபேசியில் பணம் அனுப்பக் கற்றுத் தருகிறான். சொல்லையும் அவனிடமே வாங்க வேண்டியிருக்கிறது. இந்த இழப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் வியாசர்பாடியில் ஒரு பழைய ஆலைத் தொழிலாளி தன் சேக்காளிகளோடு ஷிஃப்ட் முடிந்து வரும்போது பேசிய சொல், சோப்பு விளம்பரமாகத் தொலைக்காட்சியில் திரும்பி வருகிறதே, அவருடைய இழப்பை எந்தக் கணக்கில் வைப்பது? அவருக்கு அந்தச் சொல் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிகிறது. அதைச் சொல்லிச் சிரிக்கும் முகங்கள்தான் அவருக்கு யாரென்று தெரியவில்லை.

மாற்றுக் குரல் இல்லாமல் இல்லை. ‘அட்டகத்தி’ (2012), ‘மெட்ராஸ்’ (2014) படங்களில் அந்தப் பேச்சு சிரிப்புக்காக வரவில்லை. வாழ்கிற மக்களின் வாயில் இருந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவை அரசியல் பாட்டாக்கியது. சொல்லோடு அதைச் சொல்பவரும் மேடைக்கு வந்தார். நாம் கேட்பதும் இவ்வளவுதான்.

கடைசியாக, நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இயக்கங்களில் இருக்கும் மூத்தவர்களுக்கும் இந்த வியாதி பிடித்திருக்கிறது. துண்டறிக்கையில் ‘வேற லெவல் போராட்டம்’ என்று போடுகிறார்கள். சுவரொட்டியில் மீம் வருகிறது. நாற்பது வருடமாகத் ‘தோழர்’ என்றழைத்தவர்கள் கூட்டத்தில் கூச்சத்தோடு ‘ப்ரோ’ என்கிறார்கள். பிள்ளைகள் இதற்காக வருவதில்லை. வந்தவர்கள் இதனால் தங்குவதும் இல்லை. அவர்களை எந்த முடிவிலும் கலந்துகொள்ள விடாமல், அவர்கள் சொல்லை மட்டும் கடன் வாங்குவதும் அந்த விளம்பரக்காரர்கள் செய்கிற காரியம்தான். ‘தோழர்’ பழைய சொல்லாக இருக்கலாம். அண்ணன், தம்பி, சாதி, ஆண், பெண் எதுவும் பார்க்காமல் அழைக்க நம்மிடம் முன்பே இருந்த சொல் அது. அதற்குள் நாம் ஒளித்துவைத்த படிக்கட்டுகளை இடித்தாலே போதும்.

செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சென்னைப் பேச்சுக்கு அதைப் பேசியவர்களே உட்கார்ந்து செய்யும் ஒரு சொற்தொகுதி. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இன்று அறுபது எழுபது வயதில் இருப்பவர்களோடு பல சொற்கள் போய்விடும்; எந்தத் தொழிலில், எந்தத் தெருவில், எந்தச் சண்டையில் அவை பிறந்தன என்பதும் போய்விடும். பல்கலைக்கழகம் வந்து செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். அந்தப் பிள்ளைகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். கையில் பதிவு செய்யக் கைபேசி இருக்கிறது. பெருசுகள் பேசட்டும், பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும், பூமர்கள் கொஞ்ச நேரம் சும்மா இருந்து கேட்கட்டும்.